ஹிங்க்லி: நிலத்தடி குரோமியத்தைப் பாக்டீரியாவிடம் ஒப்படைத்தபோது

நிகழ்வு ஆய்வு

ஊரும் குளமும்

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ நகருக்கு மேற்கே ஹிங்க்லி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மாட்டுப் பண்ணைகளும் குதிரை மசால் வயல்களும்தான் அங்கே பிழைப்பு. மழை அபூர்வம். பக்கத்தில் போகும் மொஹாவி ஆற்றில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் தெரியும். குடிக்க, குளிக்க, மாட்டுக்குக் காட்ட, பயிருக்குப் பாய்ச்ச என்று எல்லாவற்றுக்கும் கிணற்று நீரைத்தான் நம்பியிருந்தார்கள்.

1952இல் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் இந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்ரசர் நிலையம் கட்டியது. சான் பிரான்சிஸ்கோ பகுதிக்குக் குழாயில் போகும் எரிவாயுவை வழியில் மறுபடி அழுத்தி அனுப்புவதுதான் அதன் வேலை. அழுத்தினால் வாயு சூடாகும், சூட்டைத் தணிக்கக் கூலிங் டவர் வேண்டும், டவரில் சுற்றும் நீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். துருவைத் தடுக்க நீரில் குரோமேட் என்ற குரோமிய உப்பைக் கலந்தார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

டவரிலிருந்து கழித்துவிட்ட நீர், அடியில் எந்த விரிப்பும் இல்லாத மண் குளங்களுக்குப் போனது. 1964 வரை இப்படியே நடந்தது. மொத்தம் 37 கோடி காலன், அதாவது ஏறத்தாழ 140 கோடி லிட்டர் நீர் அந்தக் குளங்களுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். அப்புறம் குளங்களுக்கு விரிப்பு போட்டார்கள். 1966இல் குரோமேட்டையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் மண்ணில் இறங்கியது இறங்கிவிட்டது. மணலும் சரளையும் நிறைந்த பூமி அது. நீர் இறங்கவும் நகரவும் தடை குறைவு. கீழே நீலக் களிமண் அடுக்கு ஒன்று உண்டு. மேல் நீரடுக்குக்கு அதுதான் பெரும்பாலும் தரை மாதிரி. அந்தத் தரைக்கு மேலே குரோமியம் வடக்கு நோக்கி மெல்ல நகர ஆரம்பித்தது.

1987: வெளியே தெரிந்தது

1987 டிசம்பரில் நிறுவனமே, நீர் மாசைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான வட்டார நீர் வாரியத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தகவல் கொடுத்தது. அந்த மாதக் கடைசியிலேயே சுத்தம் செய்யச் சொல்லி வாரியம் உத்தரவு போட்டது. நோய்களுக்கு நஷ்டஈடு கேட்டு ஊர்க்காரர்கள் 600 பேருக்கு மேல் வழக்குத் தொடுத்ததும், 1996இல் 33.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனதும், அது ஹாலிவுட் படமாக வந்ததும் பலருக்குத் தெரியும். இந்த ஆய்வு வழக்கைப் பற்றியது அல்ல. பணம் கைமாறிய பிறகும் குரோமியம் நிலத்தடியில்தான் இருந்தது. அதை என்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஏன் பாக்டீரியா

குரோமியத்தில் நமக்கு முக்கியமான நிலைகள் இரண்டு. ஹெக்சாவேலன்ட் என்று சொல்லும் ஆறாம் நிலை குரோமியம் நீரில் நன்றாகக் கரையும், நீரோடு சேர்ந்து போகும். குரோமேட்டில் இருப்பது இதுதான். உருவத்தில் சல்ஃபேட்டைப் போலவே இருப்பதால் உயிரணுக்கள் ஏமாந்து, சல்ஃபேட்டுக்கான வாசல் வழியாகவே அதை உள்ளே விட்டுவிடும். உள்ளே போய்த்தான் அது சேதம் செய்கிறது. மூன்றாம் நிலை குரோமியம் அப்படி அல்ல. நடுநிலையான அல்லது கொஞ்சம் காரமான நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்க ஒரு குரோமியம் அணுவுக்கு 3 எலக்ட்ரான் கொடுத்தால் போதும்.

தொழிற்சாலைத் தொட்டியில் இதைச் செய்வது சுலபம். அமிலம் விட்டு பி.எச். அளவை 2 அல்லது 3க்கு இறக்கி, சோடியம் பைசல்ஃபைட் போட்டு, பிறகு சுண்ணாம்பால் 8, 9க்கு ஏற்றினால் பச்சைக் கசடாக அடியில் தங்கிவிடும். எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த வேலை. ஆனால் மைல் கணக்கில் பரவிய நிலத்தடி நீரில் அமிலம் ஊற்ற முடியாது. மேலே இறைத்துச் சுத்தம் செய்யலாம் என்றால், லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் குரோமியத்துக்காகப் பல பத்தாண்டுகள் பம்பு ஓட வேண்டும், வருகிற கசடை எங்காவது கொண்டுபோய்ப் புதைக்கவும் வேண்டும்.

பாக்டீரியா குரோமேட்டை மூன்றாம் நிலைக்கு இறக்கும் என்ற செய்தி அப்போது புதிதல்ல. 1977இலேயே சோவியத் ஆய்வாளர்கள் இருவர் சாக்கடைக் கசடிலிருந்து அப்படி ஒரு சூடோமோனாஸ் வகையைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். 1980களின் கடைசியில் ஜப்பானில் என்டரோபாக்டர் குளோயகே என்ற இனத்தை வைத்து வேலை நடந்தது. அதன் பிறகு பாசில்லஸ், ஷிவெனெல்லா என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. சில இனங்கள் தம் நொதிகளால் நேரடியாக இறக்கும். சில சுற்றிவளைத்துச் செய்யும். மண்ணில் உள்ள இரும்பை அவை கரையும் இரும்பாக மாற்ற, அந்த இரும்பு குரோமியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். சல்ஃபேட்டை உண்ணும் இனங்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதே வேலையைச் செய்யும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த விசேஷ பாக்டீரியாவை ஹிங்க்லியில் கொண்டுபோய் இறக்கவில்லை. அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த கூட்டத்துக்குத் தீனி போட்டார்கள், அவ்வளவுதான். என் பார்வையில் சரியான முடிவு அதுதான். வெளியிலிருந்து கொண்டுவரும் இனம் அந்த உப்புக்கும், அந்த வெப்பத்துக்கும், அங்கே காலங்காலமாக இருக்கும் இனங்களோடு போட்டிக்கும் தாக்குப்பிடிப்பது அரிது.

முதல் முடிவு: வயலில் பாய்ச்சுவது

1990களின் தொடக்கத்தில் எடுத்த முதல் வழி எளிமையானது. மாசடைந்த நீரை இறைத்துக் குதிரை மசால் வயலில் பாய்ச்சினார்கள். வேர்ப்பகுதியில் அழுகும் இலைதழையும் அதை உண்ணும் நுண்ணுயிர்களும் நிறைய. நீர் அந்த மண்ணைத் தாண்டும்போதே ஆறாம் நிலை மூன்றாக இறங்கி மண்ணில் தங்கிவிடும். அத்தோடு, இறைக்கிற இடத்தில் நீர்மட்டம் தாழ்வதால் மாசு பரவுவதும் கொஞ்சம் கட்டுப்படும்.

குரோமியத்தைப் பொறுத்தவரை இது வேலை செய்தது. ஆனால் நீரை ஸ்பிரிங்ளரில் தெளித்தார்கள். ஆறாம் நிலை குரோமியம் மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் தரும் என்பது தொழிலாளர்களிடம் வெகுகாலத்துக்கு முன்பே உறுதியான விஷயம். காற்றில் பறக்கும் திவலையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்டது நியாயமே. 2001இல் தெளிப்பது நின்றது. 2004இல் மறுபடி தொடங்கியபோது மண்ணுக்குள் புதைத்த சொட்டுநீர்க் குழாய்தான். திவலையும் இல்லை, தேங்கும் நீரும் இல்லை.

முதலிலேயே சொட்டுநீர் போட்டிருக்கலாம். அந்தத் தொழில்நுட்பம் 1990களில் பரவலாகக் கிடைத்த ஒன்று.

வயல் வழிக்கு இன்னொரு விலையும் இருந்தது. பயிர் நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு உப்பை விட்டுவிடும். இறைத்துப் பாய்ச்சிய அதே நிலத்தடிக்கு உப்பு கூடிய நீர் திரும்ப இறங்கும். அதையும் கண்காணிக்க வேண்டி வந்தது.

இரண்டாவது முடிவு: மண்ணுக்குள் எத்தனால்

கம்ப்ரசர் நிலையத்துக்குப் பக்கத்தில் செறிவு மிக அதிகம். அங்கே வயல் போதாது. 2004 முதல் சில ஆண்டுகள் சோதனை நடந்தது. பிறகு 2007இல் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக, நிலத்தடியிலேயே ஒரு சுத்திகரிப்பு மண்டலத்தை உண்டாக்கினார்கள். வரிசையாகக் கிணறு போட்டு நீரில் கலந்த எத்தனாலை உள்ளே செலுத்துவது, கீழே பாக்டீரியா அதைத் தின்று பெருகுவது, மண்டலத்தைக் கடக்கும் நீரில் குரோமியம் மூன்றாம் நிலைக்கு இறங்கிவிடுவது. இதுதான் திட்டம்.

பாக்டீரியாவுக்கு எத்தனால் சோறு மாதிரி. சோற்றை எரிக்க நமக்கு ஆக்சிஜன் வேண்டும், அவற்றுக்கும் அப்படித்தான். ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட், அதுவும் தீர்ந்தால் மாங்கனீசு, இரும்பு, சல்ஃபேட் என்று அடுத்தடுத்து எலக்ட்ரானைத் தள்ளிவிட இடம் தேடும். இந்த வரிசையில் நடுவிலே எங்கோதான் குரோமேட்டின் முறை வரும். அதாவது குரோமியத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுத் தீனி போட முடியாது. முன்வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் பந்தி வைத்த பிறகே அதன் இலைக்குப் பரிமாற முடியும்.

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டால் இது விளங்கும். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஹிங்க்லியில் அளந்தவை அல்ல. ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் ஆறாம் நிலை குரோமியம், 8 மில்லிகிராம் ஆக்சிஜன், 45 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாக வைப்போம். குரோமியம் கேட்கும் எலக்ட்ரானைப் போல ஆக்சிஜன் 17 மடங்கு கேட்கும், நைட்ரேட் 63 மடங்கு கேட்கும். மூன்றையும் தீர்க்க லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் எத்தனால் தேவை. அதில் குரோமியத்துக்கென்று போவது 0.22 மில்லிகிராம்தான். பாக்டீரியா தன் உடலை வளர்த்துக்கொள்ள எடுப்பதை இதில் சேர்க்கவில்லை. மாட்டுப் பண்ணையும் உரமிட்ட வயலும் சூழ்ந்த ஹிங்க்லி போன்ற ஊரில் நிலத்தடி நீரில் நைட்ரேட் இருக்கத்தான் செய்யும். ஆக, செலவில் பெரும்பங்கு நைட்ரேட்டுக்கே போகும். ஆய்வகக் குடுவையில் சுத்தமான நீரில் குரோமேட்டை மட்டும் கலந்து பார்த்துவிட்டுக் களத்தில் இறங்குகிறவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

ஏன் எத்தனால்? நீரில் முழுக்கக் கரையும், மண்ணில் ஒட்டாமல் தூரம் போகும், பல வகை பாக்டீரியா தின்னும், விலையும் குறைவு. தாவர எண்ணெய் மாதிரி மெதுவாகக் கரையும் தீனி நீண்ட நாள் நிற்கும், ஆனால் போட்ட இடத்தை விட்டு நகராது. அகலமான மண்டலம் வேண்டுமென்றால் எத்தனால்தான் பொருத்தம். அதைத் தொடர்ந்து செலுத்தவும் வேண்டும். தீனியை நேரே இறக்கும் கிணற்றைச் சுற்றித்தான் பாக்டீரியா முதலில் பெருகும். வழவழப்பான படலம் கட்டிக் கிணறு அடைத்துக்கொள்ளும். அதை அவ்வப்போது சுத்தம் செய்வதும் வேலையின் ஒரு பகுதி.

பலன் தெளிவாகத் தெரிந்தது. செலுத்திய இடத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் ஆறாம் நிலை குரோமியம் கருவி காட்டும் அளவுக்கும் கீழே போனது. மண்ணுக்குள்ளேயே படிந்துவிட்டதால் லாரியில் அள்ள வேண்டிய கசடும் இல்லை.

கூடவே எழுந்தவை

பாக்டீரியாவை அழைத்தால் குரோமியத்தோடு நின்றுவிடாது என்று மேலே சொன்ன வரிசையே காட்டுகிறது. ஆக்சிஜன் தீர்ந்த மண்டலத்தில் மண்ணில் படிந்திருந்த மாங்கனீசும் இரும்பும் கரைந்து நீரில் வந்தன. இரும்புத் துகளில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் பிடி விட்டது. மண்டலத்தைத் தாண்டி ஆக்சிஜன் உள்ள நீரைச் சந்தித்ததும் இவை மறுபடி படிந்துவிடும் என்பது கணிப்பு. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில் படியும், அந்தத் தூரத்துக்குள் யாருடைய கிணறாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2010களின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் கிணறுகளில் மாங்கனீசு இருப்பதைக் காட்டி, எத்தனால் செலுத்தியதுதான் காரணமா என்று கேட்டார்கள். வாரியம் அதை விசாரிக்க வேண்டி வந்தது.

நியாயமான கேள்வி அது. எத்தனை விளக்கம் தந்தாலும், செலுத்துவதற்கு முன்பே அந்த வீட்டுக் கிணறுகளில் மாங்கனீசையும் ஆர்செனிக்கையும் அளந்து வைத்திருந்தால் ஒழிய, மனம் ஒப்பும் பதிலைச் சொல்ல முடியாது.

இதற்கிடையே மாசின் எல்லையும் நகர்ந்தது. 2010க்குப் பிறகு, முன்பு வரைந்த கோட்டுக்கு வெளியிலும் கிணறுகளில் குரோமியம் தென்பட்டது. மைய மண்டலத்தில் பாக்டீரியா ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. பிரச்சினை ஓரத்தில். மாசு பரவவிட்டதற்காக 2012இல் நிறுவனத்துக்கு 36 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். அதில் பாதியை ஊர்ப் பள்ளிக்கு நல்ல தண்ணீர் ஏற்பாடு செய்ய ஒதுக்கினார்கள். 2013இல் அந்தப் பள்ளியே மூடப்பட்டது. நிறுவனம் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டே போனது, ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், படிக்கப் பிள்ளைகள் இல்லை. இந்த வரிசையை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தொழில்நுட்ப அறிக்கையில் குரோமியம் குறையும் வரைபடம் அழகாக இறங்கிக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை.

எதுவரை சுத்தம்?

அந்த வட்டாரப் பாறைகளிலிருந்தும் இயற்கையாகக் கொஞ்சம் ஆறாம் நிலை குரோமியம் நீரில் கரையும். எனவே ஓரத்துக் கிணறு ஒன்றில் லிட்டருக்கு 3 அல்லது 4 மைக்ரோகிராம் வந்தால் அது பாறையின் கணக்கா, நிறுவனத்தின் கணக்கா என்று தகராறு. நிறுவனம் செய்த பழைய ஆய்வு இயற்கை அளவின் உச்சம் 3.1 மைக்ரோகிராம் என்றது. ஊர்க்காரர்கள் ஏற்கவில்லை. கடைசியில் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் பல ஆண்டுகள் புதிதாக ஆய்வு செய்து 2023இல் முடிவை வெளியிட்டது. 1987இல் வெளிவந்த ஒரு மாசுக்கு, இயற்கை அளவு என்ன என்ற அடிப்படைக் கேள்விக்கே 36 வருடம் கழித்துத்தான் ஊர் நம்பக்கூடிய பதில் கிடைத்தது. குடிநீர் வரம்பும் இதற்குள் மாறிக்கொண்டிருந்தது. ஆறாம் நிலைக்கென்று கலிஃபோர்னியா 2014இல் 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது, 2017இல் நீதிமன்றத் தீர்ப்பால் அது விலக்கப்பட்டது, 2024இல் மறுபடி நடைமுறைக்கு வந்தது. சுத்திகரிப்பு இன்னும் நடக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை, நம் ஊரை நினைத்து

ராணிப்பேட்டையை நினைக்காமல் இதை எழுத முடியாது. 1975இல் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று அங்கே 1.5 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றது. மழை பெய்தால் மஞ்சளாக ஒழுகும். 2006இல் உலகின் மிக மாசடைந்த 10 இடங்களின் பட்டியல் ஒன்றில் ஊர் இடம்பெற்றது.

தோல் ஷாப்புக் கழிவையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலை குரோமியம். அதற்கு இந்த பாக்டீரியா தேவையே இல்லை. செலவான குரோம் நீரைத் தனியே பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்கே பயன்படுத்தும் முறை நம்மிடம் இருக்கிறது. பாக்டீரியா தேவைப்படுவது குரோமேட் ஆலைக் கழிவுக்கும் எலக்ட்ரோபிளேட்டிங் நீருக்கும். அங்கேயும் தொட்டியில் பிடிக்க முடிகிற நீருக்கு ரசாயன முறையே வேகமானது. நிலத்துக்குள் போய்விட்ட நீருக்குத்தான் இந்த வழி.

கழிவு மேடு மேலே கிடக்கும்வரை கீழே தீனி போடுவதில் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹிங்க்லியில் குரோமேட் 1966இலேயே நின்றுவிட்டது. ஓட்டையை அடைக்காமல் தொட்டியை இறைக்க முடியாது.

ஹிங்க்லிக்காரர்கள் செய்ததில் நான் மாற்றுவது முக்கியமாக இரண்டு. சுத்திகரிப்பு தொடங்கும் முன் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றிலும் குரோமியத்தோடு மாங்கனீசு, இரும்பு, ஆர்செனிக், நைட்ரேட் எல்லாவற்றையும் அளந்து, அந்தத் தாளை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாசின் ஓரத்தை முதலில் பிடித்துக் கட்டிவிட்டு நடுவுக்குப் போக வேண்டும். அங்கே நடுவில் கிடைத்த வெற்றி, ஓரத்தில் இருந்தவர்களுக்குப் பயன்படவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. பாக்டீரியா குரோமியத்தை அழிப்பதில்லை, நிலையை மாற்றி மண்ணில் உட்கார வைக்கிறது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அது மூன்றாம் நிலையை மறுபடி ஆறுக்கு ஏற்றிவிடக் கூடும் என்பது 1979இலிருந்து தெரிந்த விஷயம். இரும்போடு சேர்ந்து படிந்த குரோமியம் அவ்வளவு எளிதில் திரும்பாது. எனவே தீனி நின்ற பிறகும், மண்டலத்துக்குள் ஆக்சிஜன் திரும்பிய பிறகும் கிணறுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொடங்க விரும்புகிற கல்லூரிக்கோ ஊருக்கோ முதல் படி பெரிய செலவு இல்லாதது. அந்த இடத்து மண்ணையும் அந்த இடத்துக் கிணற்று நீரையும் காற்றுப் புகாத புட்டிகளில் எடுத்து, சிலவற்றில் எத்தனாலோ சர்க்கரை ஆலை மொலாசஸோ சேர்த்து, சிலவற்றை அப்படியே விட்டு, சிலவற்றில் மண்ணை அவித்துக் கிருமி கொன்று வைக்க வேண்டும். வாராவாரம் ஆறாம் நிலை குரோமியத்தோடு மாங்கனீசையும் ஆர்செனிக்கையும் அளக்க வேண்டும். அவித்த புட்டியில் ஆறாம் நிலையின் மஞ்சள் நிறம் அப்படியே நின்று, தீனி போட்ட புட்டியில் மறைந்தால், வேலையாள் அந்த மண்ணிலேயே இருக்கிறான் என்று பொருள். பிறகு அந்தப் புட்டிகளைத் திறந்து, காற்றை விட்டு, இன்னும் சில மாதங்கள் மூடாமல் வைத்து, மஞ்சள் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.